லிட்டருக்கு விலை உண்டு, குவிண்டாலுக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கரும்பிலும் மக்காச்சோளத்திலும் வடிக்கிற எத்தனாலைக் கலந்த பெட்ரோல் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையை வாழப்பாடி டீக்கடையில் உட்கார்ந்து இரண்டு தடவை படித்தேன். விவசாயி இனிமேல் சோறு போடுகிறவர் மட்டுமல்ல, எரிபொருளும் தருகிறவர் என்று மத்திய அமைச்சர் நிதின் கட்கரி மேடைக்கு மேடை சொல்லி வருகிறார். எனக்கு இந்தப் பேச்சு புதிதில்லை. இதே மாதிரிப் பேச்சை நம்பி 2007-ல் இரண்டு ஏக்கர் காட்டாமணக்கு வைத்தவன் நான்.

2003-ல் திட்டக் கமிஷனின் குழு டீசலுக்கு மாற்று காட்டாமணக்கு எண்ணெய் என்று சொல்லப்போக, ஊர் ஊராக அதே பேச்சாகிவிட்டது. தண்ணீர் கேட்காது, தரிசில் காய்க்கும், ஆடு கடிக்காது என்றார்கள். ஆடு கடிக்காது என்பது மட்டும் நிஜம். (சின்ன வயதில் அதன் காம்பை ஒடித்துப் பாலில் குமிழ்முட்டை ஊதி விளையாடாத ஆள் எங்கள் பக்கம் கிடையாது. வேலிச் செடியைக் கொண்டுபோய் நடுக்காட்டில் வைக்கிறானே என்று என் அப்பா சிரித்தார்.) நாற்று கொடுத்த கம்பெனிக்காரர்கள் கொட்டையைத் தாங்களே எடுத்துக்கொள்வதாகக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்கள். மழை பொய்த்த வருடம் செடி சாகவில்லை, காய்க்கவும் இல்லை. மூன்றாம் வருடம் காய்த்தது. ஆனால் ஒரே கொத்தில் ஒரு காய் பச்சை, ஒன்று மஞ்சள், ஒன்று காய்ந்து கறுப்பு. ஒரே நாளில் பறித்து முடிக்க முடியாது, வாரத்துக்கு ஒரு தடவை ஆள் விட வேண்டும். இரண்டு ஏக்கரிலும் சேர்த்து மூன்று மூட்டை தேறியது. பறிக்கக் கொடுத்த கூலி அதைவிட அதிகம். எடை போட வருவதாகச் சொன்ன வண்டி வரவேயில்லை. பக்கத்து வீட்டுப் பையன் நாலு கொட்டையைத் தின்றுவிட்டு ராத்திரி முழுக்க வாந்தியோடு ஆஸ்பத்திரியில் கிடந்தது தனிக் கதை. 2011-ல் பொக்லைன் வைத்துப் பிடுங்கிப் போட்டேன்.

மக்காச்சோளத்தை அதோடு சேர்த்துப் பேசக்கூடாது. இது எப்படியும் விற்கிற பயிர். ஆடிப்பட்டத்தில் மானாவாரியாக விதைத்தால் ஐப்பசி, கார்த்திகையில் கதிர் முறிக்கலாம். ஆயிரம் அடி போர் போட்டும் புழுதி வருகிற எங்கள் ஊரில் கரும்பை எப்போதோ விட்டாயிற்று. அதனால், எரிபொருளுக்காகப் பயிர் வைத்தால் நிலத்தடி நீர் போகும் என்று சொல்கிறவர்கள், எந்தப் பயிர், எந்த ஊர் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். மழையில் விளையும் மக்காச்சோளத்துக்கும் மோட்டார் தண்ணீரில் நிற்கும் கரும்புக்கும் ஒரே கணக்கு ஆகாது. எத்தனால் ஆலைகள் வந்தபிறகு வியாபாரிகள் வீடு தேடி வந்து விலை பேசினார்கள். 2024 தையில் குவிண்டால் 2,250-க்குப் போட்டேன். 2018-ல் படைப்புழு வந்து குருத்தைத் தின்று, மருந்துக் கடைக்குப் பாதி வருமானத்தைக் கொடுத்த எனக்கு அது பெரிய விலை.

இந்தத் தையில் 1,850. 2025-26-க்கு மத்திய அரசு அறிவித்த ஆதரவு விலை 2,400. அந்த விலைக்கு எடுக்க எங்கள் பக்கம் ஆளில்லை. அதே சமயம், மக்காச்சோளத்தில் வடித்த எத்தனாலுக்கு எண்ணெய் நிறுவனங்கள் ஆலைக்குத் தருவது லிட்டருக்கு 71 ரூபாய் 86 காசு. அந்த விலையில் வியாபாரியின் பேரம் கிடையாது. ஒரு குவிண்டாலுக்குச் சுமார் 38 லிட்டர் வடியும். 2,730 ரூபாய் ஆகிறது. மிஞ்சும் 30 கிலோ சக்கை தீவனத்துக்குப் போகும், அதற்கும் காசு. ஆலைக்கும் கரண்டு, கூலி, கடன் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் விற்கிற இடத்தில் காசு வரை கட்டிக் கொடுத்த விலை, வாங்குகிற இடத்தில் மட்டும் ஏன் காற்றில் தொங்க வேண்டும்?

அந்தச் சக்கை விஷயத்தில் இன்னொன்று. இரண்டு மாடு வைத்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன். அறுவடையில் மழை பிடித்தால், ரோட்டில் காய வைத்த மக்காச்சோளத்தில் பூஞ்சை ஏறும். அந்த நஞ்சு எத்தனாலோடு போய்விடாது. சக்கையில் மூன்று மடங்காகத் திரண்டு நிற்கும். பரிசோதித்துப் பார்க்காமல் மாட்டுக்கும் கோழிக்கும் போடக்கூடாது.

கோழி என்றதும் நாமக்கல் ஞாபகம் வருகிறது. 1997 வரை எங்கள் சேலம் மாவட்டத்தில் இருந்த ஊர். என் வண்டியில் 10 லிட்டர் பெட்ரோல் போட்டால் அதில் 2 லிட்டர் எத்தனால். அது மக்காச்சோளத்தில் எடுத்ததென்றால் 5 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. முட்டைக்கோழி நாளைக்கு 110 கிராம் தீவனம் தின்னும், பாதிக்குப் பாதி மக்காச்சோளம். ஆக, அந்த 10 லிட்டர் தீருகிறவரை நான் வாழப்பாடிக்கும் சேலத்துக்கும் போய்வந்தால் ஒரு கோழியின் மூன்று மாதத்துப் பங்கு புகையாகிறது. மக்காச்சோளத்தை ஏற்றுமதி செய்துகொண்டிருந்த நாடு 2024-ல் மியான்மரிலிருந்தும் உக்ரைனிலிருந்தும் வாங்கியது சும்மா இல்லை. கச்சா எண்ணெய்க்குப் போகும் டாலரைக் குறைக்கத்தான் இத்தனையும் என்கிறார்கள்.

வண்டியையும் சொல்லிவிடுகிறேன். 2009 மாடல். முன்பு லிட்டருக்கு 58 கிலோமீட்டர் கொடுத்தது, இப்போது 55. இருசக்கர வண்டிகளுக்கு 3 முதல் 4 சதவீதம் மைலேஜ் குறையும் என்று நிதி ஆயோக் 2021 அறிக்கையிலேயே இருந்ததுதான். கார்புரேட்டர் ரப்பரை மெக்கானிக் ஒரு தடவை மாற்றினார். ஆனால் பெட்ரோல் பங்கில் லிட்டர் விலை மட்டும் பத்து பைசா இறங்கவில்லை.

சேலத்துக்காரன் என்ற முறையில் ஒன்று கேட்கிறேன். குச்சிக்கிழங்கை (மரவள்ளியை) அரைத்து மாவெடுத்த பிறகு சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளில் மலை மலையாகத் திப்பி, அதாவது கிழங்குச் சக்கை, மிஞ்சுகிறது. இன்னமும் அதில் மாவுச்சத்து இருக்கிறது. ஒரு காலத்தில் பஸ்ஸில் போகும்போதே மூக்கைப் பொத்த வைத்த கழிவுநீரை இப்போது பல ஆலைகளில் மூடிப் பிடித்து, கேஸ் எடுத்து, ஜெனரேட்டர் ஓட்டுகிறார்கள். கண்ணால் பார்த்திருக்கிறேன், நாற்றமும் பாதிதான். எரிபொருள் எடுப்பதானால் முதலில் இதில் எடுக்கட்டும். சக்கையில் எடுத்தால் யார் தட்டிலிருந்தும் பிடுங்க வேண்டியதில்லை. அதற்கு மேலும் மக்காச்சோளம் வேண்டுமென்றால் தருகிறோம். விலையை ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தின் போர்டில் எழுதிப் போட்டு, அந்த விலைக்கு எடை போட ஓர் ஆளையும் உட்கார வைக்கட்டும்.

ஆடிக்கு இன்னும் சில மாதம் இருக்கிறது. அதற்குள் சொன்னால் மக்காச்சோள விதை வாங்குவதா, குச்சிக்கிழங்குக் கரணை தேடுவதா என்று முடிவு செய்துகொள்வேன்.

இப்படிக்கு,
ஒரு மானாவாரி விவசாயி,
வாழப்பாடி வட்டம், சேலம் மாவட்டம்.