பழவேற்காடு ஏரிப் படகுகளுக்கு முறை வையுங்கள்

திருவள்ளூர் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், சுற்றுலா, வனம், மீன்வளத் துறை அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

காணும் பொங்கல் வந்தால் ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர்க் குடும்பங்கள் கட்டுச்சோற்றோடு வடக்கே கிளம்பிவிடும். பொன்னேரி வரை ரயில், அங்கிருந்து பஸ். பழவேற்காட்டில் இறங்கியதும் அவர்கள் கேட்பது, படகில் ஏறி ஏரி நடுவே உள்ள திட்டுகளுக்கும் தீவுகளுக்கும் போய்ப் பூநாரைகளைப் பார்க்க முடியுமா என்பதுதான். நியாயமான ஆசை. ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்து நாட்டின் மிகப் பெரிய உவர்நீர் ஏரி நம் வாசலில் இருக்கிறது. அதை நம் பிள்ளைகள் செல்போன் திரையில் மட்டும் பார்த்து வளரக் கூடாது.

2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் ஞாயிற்றுக்கிழமை, அதே ஆசையோடு ஏறியவர்களின் படகு, ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்துக்கு அருகே கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன்பின் சுற்றுலாப் படகுகளுக்குத் தடை வந்தது. தடை காகிதத்தில் இருக்க, விடுமுறை நாளில் "ஏரி சுத்திப் பாக்கலாமா சார்?" என்ற குரல் கரையில் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறது. ஒளித்து ஓட்டும் படகில் தலை எண்ணிக்கை இருக்காது, லைஃப் ஜாக்கெட் இருக்காது. போலீஸ் கண்ணில் படாத இடமாகப் பார்த்து ஏற்றுவார்கள். அந்த இடம் பெரும்பாலும் முகத்துவாரத்தை ஒட்டிய மணல்தான். கவனித்தீர்களா, தடையே படகை மிக ஆபத்தான இடத்துக்குத் தள்ளுகிறது. ஆகவே நாங்கள் கேட்பது: படகை முறைப்படி ஓட விடுங்கள், அந்த முறையை ஒப்பந்ததாரர் கையில் கொடுக்காமல் ஏரி மீனவர்கள் மீன்பிடி இடங்களை முறை வைத்துப் பகிரும் பாடு முறையை ஒட்டி வகுத்துக் கொடுங்கள்.

முதலில் படகு ஏன் கவிழ்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறோம். விதி எழுதுகிறவர்களுக்கு இது தெளிவாக இருந்தால் மற்றதெல்லாம் தானே வரும்.

ஏரியின் பெரும்பகுதி சராசரியாக ஒரு மீட்டர் ஆழம்தான். "இடுப்பளவுத் தண்ணிதானே" என்ற நினைப்பு அதனால் வருகிறது. ஆனால் முகத்துவாரத்துக்குப் போகும் நீரோட்டப் பாதை தனி. அங்கே ஆழமும் அதிகம், இழுப்பும் அதிகம். மழைக்காலத்தில் ஆரணி ஆற்று வெள்ளமும் சேர்ந்துகொள்ளும். கடல் நீர் தாழும் வற்ற நேரத்தில் ஏரித் தண்ணீர் கடலை நோக்கிப் பாய, எதிரே கடலலை உள்ளே வர, இரண்டும் மோதும் இடத்தில் அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் எழும். அங்கே படகு குறுக்கே திரும்பிவிட்டால் அடுத்த அலையே போதும். ஆழமில்லாத இடத்தில் கவிழ்ந்தாலும் ஆபத்து குறைவதில்லை. படகுக்கு அடியில் மாட்டுவார்கள், சேற்றில் கால் புதையும், சேலையும் துப்பட்டாவும் சுற்றிக்கொள்ளும்.

அடுத்தது காற்று. ஏரி வடக்கு தெற்காக ஏறக்குறைய 60 கி.மீ நீளம், பழவேற்காடு ஊர் அதன் தென்கோடியில் இருக்கிறது. வாடைக் காற்று தடுப்பில்லாத நீர்ப்பரப்பின் மேல் நெடுந்தூரம் ஓடி வந்து இங்கேதான் அலையைக் குவிக்கும். காலையில் கண்ணாடியாகக் கிடக்கும் ஏரி பதினொரு மணிக்குள் மாறிவிடும். பூநாரை சீசனும் வாடை சீசனும் ஒன்றாக வருவதால் இதை விதியில் எழுதியே ஆக வேண்டும்: படகுகள் காலை 6.30 மணிக்குக் கிளம்பி 10.30 மணிக்குள் கரை சேர வேண்டும். பறவையும் அந்த நேரத்தில்தான் நன்றாக இரை எடுக்கும், குடும்பத்துக்கு நட்டமில்லை.

மூன்றாவது பாரம். மீன்பிடி ஃபைபர் படகு அரை டன் மீனையும் வலையையும் சுமந்து வருகிறதே, 20 பேரை ஏற்றினால் என்ன என்று கேட்பார்கள். மீனும் வலையும் படகின் அடித்தட்டில் கிடக்கும், தாமாக எழுந்து நிற்காது. மனிதர்கள் பலகை மேல் உட்காருவார்கள், போட்டோ எடுக்க எழுவார்கள். எடை அதே அளவாக இருந்தாலும் அது மேலே ஏற ஏறப் படகு நிமிரும் பலத்தை இழக்கும். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் 45 பேரைப் பலிகொண்ட விபத்தில், கரையில் விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கம் சாய்ந்ததும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் 22 பேர் இறந்தது, மீன்பிடிப் படகைச் சுற்றுலாப் படகாக மாற்றி, அளவுக்கு மேல் ஆள் ஏற்றி, இருட்டும் நேரத்தில் ஓட்டியதில்.

இதிலிருந்து வரும் விதிகள் எளியவை. 28 அடி ஃபைபர் படகில் 8 பயணிகள், 2 படகோட்டிகள். மடியில் உட்காரும் குழந்தையும் ஒரு தலையாகவே எண்ணப்பட வேண்டும். இந்த எண்ணிக்கை படகின் முன்பகுதியான அணியத்தின் இரு பக்கமும் ஒரு முழ உயரத்தில் பெயின்ட் அடிக்கப்பட வேண்டும். கரையில் நிற்கும் யாரும் எண்ணிப் பார்த்துக் கேள்வி கேட்க முடிகிற மாதிரி. இருக்கைப் பலகையைப் படகின் விளிம்புக்குக் கீழே இறக்கிப் பொருத்த வேண்டும். பறவைக் கூட்டம் தெரிந்ததும் பயணி எழுந்து மறுபக்கம் போகக் கூடாது, படகுதான் திரும்ப வேண்டும்: படகோட்டி முதலில் ஒரு பக்கத்தைக் காட்டி நிறுத்துவார், பிறகு மெல்லத் திருப்பி மறுபக்கத்தைக் காட்டுவார். ஏறும் முன்பே இதைச் சொல்லிவிட்டால் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள்.

லைஃப் ஜாக்கெட் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். டெண்டரில் "லைஃப் ஜாக்கெட் 50" என்று எழுதி முடிப்பதால் பயனில்லை. நீந்தத் தெரியாத பெரியவருக்கு 100 நியூட்டன் மிதப்பு வேண்டும், அதாவது ஏறக்குறைய 10 கிலோ தூக்கும் விசை. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் 50 நியூட்டன் வகை நீந்தத் தெரிந்தவருக்கு உதவும், அவ்வளவுதான். குழந்தைகளுக்கு எடை வாரியாகத் தனி அளவு, கால்களுக்கு இடையே வரும் பட்டையோடு. பெரியவர் ஜாக்கெட்டைக் குழந்தைக்கு மாட்டினால் தண்ணீரில் ஜாக்கெட் மேலே வரும், குழந்தை கீழே நழுவும். மாட்டியபின் இரு தோள்பட்டையையும் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். ஜாக்கெட் காதுவரை ஏறினால் அது அந்தக் குழந்தைக்கு ஆகாது.

பழைய ஜாக்கெட்டில் உள்ளே இருக்கும் ஃபோம் வெயிலிலும் உப்பிலும் நசுங்கி மிதப்பை இழந்திருக்கும், வெளியே பார்க்கப் புதிதாகத் தெரியும். ஆண்டுக்கு ஒரு முறை பெரியவர் ஜாக்கெட்டில் 10 கிலோ இரும்புப் படிக்கல் கட்டி ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் விடுங்கள். தண்ணீருக்குள் அந்தக் கல் சுமார் எட்டரைக் கிலோவாகத்தான் இழுக்கும். அதையே தாங்காமல் மூழ்கும் ஜாக்கெட்டை அங்கேயே கிழித்துப் போட வேண்டும். கிடங்கில் வைத்தால் அடுத்த பொங்கலுக்கு அது திரும்பி வரும். ஜாக்கெட்டைக் கரையிலேயே போட்டு, கொக்கி மாட்டிய பிறகுதான் படகில் கால் வைக்க வேண்டும். இருக்கைக்கு அடியில் அடுக்கி வைத்த ஜாக்கெட் யாரையும் காப்பாற்றாது.

படகில் இருக்க வேண்டிய மற்றவை: நங்கூரமும் 30 மீட்டர் கயிறும், இரண்டு துடுப்பு, ஊன்றுகோல், தண்ணீர் இறைக்கும் வாளி, கூர்மையான கத்தி, மாற்று ஸ்பார்க் பிளக், ப்ரொபெல்லர் பின், விசில், நீர்புகா உறையில் செல்போன். நங்கூரம் ஏன் என்றால், இன்ஜின் நின்ற படகை வற்றம் முகத்துவாரத்துக்கு இழுத்துப் போகும். நிறுத்திப் பிடிக்க வேறு வழி கிடையாது. கத்தி, ப்ரொபெல்லரில் சுற்றிய வலைத்துண்டை அறுக்க. இந்த ஏரியில் இன்ஜின் நிற்பதற்கு அதுவே முக்கியக் காரணம். கடலோரக் காவல் குழுமத்தின் 1093, கடலோரக் காவல்படையின் 1554 இரண்டும் படகிலும் ஏறுதுறையிலும் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

சட்டமும் தயாராகவே இருக்கிறது. உள்நாட்டுக் கலங்கள் சட்டம், 2021 இயந்திரப் படகுகளுக்குப் பதிவு, ஆய்வு, ஓட்டுபவருக்குத் தகுதிச் சான்று ஆகியவற்றைக் கேட்கிறது. மீன்வளத் துறைப் பதிவு எண் மீன்பிடிக்கத்தான். அதைக் காட்டி ஆள் ஏற்ற முடியாது என்பதைத் தெளிவாக அறிவியுங்கள். சுற்றுலாவுக்கு ஓடும் படகுக்குத் தனி நிறம், தனி எண் கொடுங்கள்.

வழித்தடத்தில் விட்டுக்கொடுக்க முடியாதது ஒன்று உண்டு. முகத்துவாரத்திலிருந்து உட்புறமாக ஒரு கிலோமீட்டர் தூரத்தில் மிதவைக் கோடு போட்டு, எந்தச் சுற்றுலாப் படகும் அதைத் தாண்டக் கூடாது என்று வையுங்கள். மணல் திட்டு மாதத்துக்கு மாதம் இடம் மாறும் என்பதால் மிதவையையும் மாற்றிப் போட வேண்டும். எங்கே என்று மீனவர்கள் சொல்வார்கள். ஏறுதுறை இரண்டு போதும்: பழவேற்காடு ஒன்று, பறவை பார்ப்பதற்கு மேற்குக் கரையில் அண்ணாமலைச்சேரி ஒன்று. ஸ்ரீஹரிகோட்டா கரையில் இறங்க யாருக்கும் அனுமதி இல்லை. ராக்கெட் ஏவும் நாளில் அந்தப் பக்கப் பயணமே கூடாது. இரக்கம் தீவு ஆந்திர எல்லைக்குள் வருவதால், அங்கே போக வேண்டுமானால் இரு மாநிலமும் உட்கார்ந்து பேசித்தான் ஆக வேண்டும்.

இனி பறவைகள். தமிழ்நாட்டுப் பக்கம் 153.67 சதுர கி.மீ பறவைகள் சரணாலயம். அக்டோபரிலிருந்து மார்ச் வரை பூநாரை, ஊசிவால் வாத்து, கருவால் மூக்கன், உப்புக்கொத்தி, ஆலா என்று நிறைந்திருக்கும். கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் கூடவே நிற்கும். பூநாரை அலகைத் தலைகீழாகக் கவிழ்த்துச் சேற்றுநீரை வடிகட்டித் தின்னும். அதற்குக் கணுக்கால், முழங்கால் ஆழம் வேண்டும். அந்த ஆழத்தில் படகு ஓடாது. கிட்டே போக முயன்றால் தரை தட்டும். ஆட்கள் இறங்கித் தள்ள, அடிச்சேறு கலங்கி, அங்கே இருந்த இரையும் போய்விடும். பூநாரை எழும்ப வேண்டுமானால் தண்ணீரில் ஓடித்தான் எழும்பும். ஒவ்வொரு முறையும் பறக்க வைப்பது, அது பல மணி நேரம் தின்று சேர்த்ததைச் செலவழிக்க வைப்பது. "கைதட்டுங்க, எல்லாம் ஒண்ணாப் பறக்கும்" என்று சொல்லும் படகோட்டிக்கு அன்றே உரிமம் போக வேண்டும். 200 மீட்டருக்கு முன்பே இன்ஜினை நிறுத்திக் கோல் ஊன்றி நிற்கச் சொல்லுங்கள். படகுக்கு ஒரு பைனாகுலரை வனத்துறை கொடுத்தால் அந்தத் தூரத்திலேயே இளம் பறவையின் சாம்பல் நிறத்தையும் பெரிய பறவையின் சிவந்த சிறகையும் பிள்ளைகள் பிரித்துச் சொல்வார்கள். ட்ரோன் வேண்டாம். ஒரு ட்ரோன் போதும், கூட்டம் முழுவதும் கிளம்பிவிடும்.

கடற்கரைப் பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை சிற்றாமைகள் (ஆலிவ் ரிட்லி கடலாமைகள்) இரவில் முட்டையிட ஏறுகின்றன. அந்த மணலில் இரவுத் தங்கல், டார்ச், பைக் எதற்கும் இடம் தராதீர்கள். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் ஆமைகள் செத்து ஒதுங்கியதை நாடே பார்த்தது.

ஏரியில் வேலை செய்கிறவர்களை மறந்து வழித்தடம் வரையாதீர்கள். பாடு வலை கட்டிய இடங்களும், இருளர்கள் தண்ணீரில் அமர்ந்து கையால் இறால் தடவிப் பிடிக்கும் ஆழமற்ற இடங்களும் முதலில் வரைபடத்தில் குறிக்கப்பட வேண்டும். அவற்றைத் தொடாமல் எஞ்சுவதே சுற்றுலாப் பாதை.

கடைசியாக, பாடு முறை. மீன் அதிகம் விழும் இடத்துக்காக எல்லோரும் முட்டிக்கொள்ளாமல் இருக்க, இன்று யார், நாளை யார் என்று ஊர் கூடி முறை வைத்துப் பகிர்வது இந்த ஏரியின் பழைய வழக்கம். படகு ஓட்டத்துக்கும் இதையே வைக்கலாம். அளவுக்கு மேல் ஆள் ஏற்றுவதற்குக் காரணம் பேராசை மட்டுமல்ல. வருடத்தில் நாலைந்து நாள்தான் கூட்டம், இப்போது விட்டால் அடுத்தவன் ஏற்றிவிடுவான் என்ற பயம் பெரிய காரணம். முறை நிச்சயமாகி, கட்டணம் ஒன்றாகி, பணம் ஏறுதுறைக் கவுன்ட்டரில் வசூலாகி, அன்று ஓடாத படகுக்கும் ஒரு பங்கு போனால் ஒன்பதாவது ஆளை ஏற்றும் அவசியம் யாருக்கும் இராது. இடைத்தரகரும் இருக்க மாட்டார். ஏலம் விட்டால் நேர்மாறாக நடக்கும்: எடுத்தவர் போட்ட பணத்தை எடுக்கப் பார்ப்பார், படகோட்டி கூலியாள் ஆவார், காற்று எழும்பிய நாளில் "இன்று வேண்டாம்" என்று சொல்லும் அதிகாரம் அவரிடம் இருக்காது. அந்த அதிகாரம் ஊரிடம் இருக்கட்டும். கரையில் சிவப்புக் கொடி ஏறினால் ஆட்சியரே வந்தாலும் படகு கிளம்பாது என்று எழுதுங்கள்.

இவற்றில் பெயின்ட் எண், கவுன்ட்டர்ப் பதிவேடு, மிதவைக் கோடு மூன்றுக்கும் பெரிய நிதி வேண்டாம். பதிவேட்டில் ஒவ்வொருவர் பெயர், வயது, போன் எண், படகு எண், திரும்ப வேண்டிய நேரம் இருக்க வேண்டும். குறித்த நேரம் கடந்து அரை மணிக்குள் படகு வராவிட்டால் தேடப் போக ஒரு படகு இன்ஜின் மாட்டித் தயாராக நிற்க வேண்டும். வரும் காணும் பொங்கலுக்கு முன் மீனவ கிராமப் பஞ்சாயத்துகளை அழைத்து ஏரிக்கரையிலேயே ஒரு கூட்டம் போடுங்கள். வரைபடத்தோடு நாங்களும் வருகிறோம்.

இப்படிக்கு,
எண்ணூர், காசிமேடு பகுதிப் படகோட்டிகளும் பறவை ஆர்வலர்களும்