கவுண்டி பூங்காவும் முன்னாள் படைவீரர்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க தேசியப் பூங்காக்களைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையை வாசித்தேன். 2022 நவம்பர் 11 முதல் முன்னாள் படைவீரர்களுக்கு வாழ்நாள் நுழைவு அட்டை இலவசமாகக் கிடைப்பதைக் கட்டுரையாளர் மகிழ்ச்சியோடு எழுதியிருந்தார். அந்த மகிழ்ச்சி எனக்கும் உண்டு. ஆனால் அந்த அட்டை எங்கே செல்லாது என்பதையும் சொல்லியிருக்க வேண்டும். ஃபெடரல் அரசின், அதாவது நாட்டின் மத்திய அரசின், நிலங்களில் மட்டுமே அது செல்லும். மாநிலப் பூங்கா, கவுண்டி (மாநிலத்துக்குள் நம் மாவட்டம் போன்ற பிரிவு) பூங்கா, நகராட்சிப் பூங்கா எதையும் அது கட்டுப்படுத்தாது.

நெவாடாவில் குடியிருப்பவருக்கு இது பெரிய குறையாகத் தெரியாது. அந்த மாநில நிலத்தில் ஏறக்குறைய 80 சதவீதம் ஃபெடரல் அரசிடம் இருக்கிறது. நான் வசிக்கும் அயோவாவில் அது ஒரு சதவீதம்கூட இல்லை. போரிலிருந்து திரும்பிய ஒருவர் இங்கே தூண்டில் போட வேண்டுமானாலும், மரநிழலில் அரைமணி நேரம் தனியாக உட்கார வேண்டுமானாலும் கவுண்டி ஏரிக்குத்தான் போக வேண்டும். அந்த ஏரியின் கதவு எப்போது திறக்கும், யாருக்குத் திறக்கும் என்பதை வாஷிங்டன் முடிவு செய்வதில்லை. பத்துப் பேர்கூட வந்து உட்காராத ஒரு கூட்ட அறையில் அது முடிவாகிறது.

எங்கள் பகுதியில் நடந்ததைச் சொல்கிறேன். ஏரிக்கரைப் பாதையில் சிலர் நான்கு சக்கர மோட்டார் வண்டிகளை ஓட்டிப் புல்தரையைச் சேதப்படுத்தினார்கள். அதைத் தடுக்க நுழைவாயிலில் பெரிய பாறைகளை நெருக்கமாகப் போட்டார்கள். மோட்டார் வண்டிகள் நின்றன. கூடவே, கால்களை இழந்த முன்னாள் படைவீரர்களின் மின்விசைச் சக்கர நாற்காலிகளும் வெளியே நின்றன. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை என்பதை நம்புகிறேன். கேட்க வேண்டியவர்களைக் கேட்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான 1990-ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளாட்சிகளையும் கட்டுப்படுத்தும். மக்கள் நடந்து செல்லும் இடத்தில் சக்கர நாற்காலிக்கும் இடம் உண்டு. மற்ற மின்விசை ஊர்திகளையும், மாற்றுத்திறனாளி ஒருவர் நடமாடுவதற்குப் பயன்படுத்தினால், உண்மையான பாதுகாப்புக் காரணம் இல்லாமல் மறுக்கக் கூடாது என்று 2011 முதல் விதி இருக்கிறது. "ஏதாவது ஆகிவிடுமோ" என்ற ஊகம் காரணமாகாது.

முறையிட்ட பிறகு, தொலைபேசியில் கூப்பிட்டால் பக்கவாட்டுக் கதவைத் திறந்துவிடுவதாக ஓர் அதிகாரி சொன்னார். நல்ல மனிதர், சொன்னபடியே செய்தார். அவர் வேறு வேலைக்குப் போன பிறகு அந்த எண்ணில் பதில் சொல்ல ஆள் இல்லை. என் வருத்தம் முழுவதும் இங்கேதான் இருக்கிறது. நாட்டுக்காக உடலைக் கொடுத்து வந்தவர், ஏரிக்கரைக்குப் போக ஓர் அலுவலரின் நல்ல மனத்தை நம்பியிருக்க வேண்டுமா? சலுகையாகக் கொடுத்ததை யாரும் சொல்லாமலே எடுத்துக்கொள்ளலாம். எழுத்தில், சட்டமாக இருந்தால் எடுப்பதற்கு முன் நான்கு பேர் அறியக் கூட்டம் போட வேண்டியிருக்கும்.

நிலத்தைக் காப்பாற்ற அப்படிப்பட்ட பிடிமானங்கள் ஏற்கெனவே உள்ளன. 1965-இல் நடைமுறைக்கு வந்த, ஃபெடரல் அரசின் நில, நீர்ப் பாதுகாப்பு நிதியில் வாங்கிய அல்லது மேம்படுத்திய பூங்காவை உள்ளாட்சி நினைத்தபடி வேறு பயனுக்கு மாற்ற முடியாது. ஃபெடரல் அரசின் ஒப்புதல் வேண்டும். மதிப்பில் குறையாத மாற்று நிலமும் தர வேண்டும். சியாட்டிலில் ராணுவம் விட்டுக்கொடுத்த ஃபோர்ட் லாட்டன் நிலத்தில் 1973-இல் திறந்த டிஸ்கவரி பூங்கா 534 ஏக்கரில் இன்றும் பொதுமக்களுக்காக இருக்கிறது. ஆனால் இவை பூங்காவைப் பூங்காவாக வைத்திருக்கும், அவ்வளவே. வாசலில் கிடக்கும் பாறையைப் பற்றி அவை எதுவும் பேசுவதில்லை. அதை உள்ளூரில்தான் பேச வேண்டும்.

அயோவாவில் அதற்கு வழி இருக்கிறது. இங்குள்ள 99 கவுண்டிகளிலும் பூங்காக்களைக் கவனிக்க ஓர் இயற்கைப் பாதுகாப்பு வாரியம் உண்டு. முன்னாள் படைவீரர் நலனுக்கென்று தனி ஆணையமும் ஒவ்வொரு கவுண்டியிலும் உண்டு. பாதை, வாயில், படகுத்துறை, முன்பதிவு முறை என எதை மாற்றினாலும் வாரியம் முதலில் அந்த ஆணையத்தின் கருத்தைக் கேட்டு, அதைக் கூட்டத்தில் பதிவு செய்ய வேண்டும். இதை, கவுண்டியை நிர்வகிக்க மக்கள் தேர்ந்தெடுத்த மேற்பார்வையாளர் குழு உள்ளூர்ச் சட்டமாகவே நிறைவேற்ற வேண்டும். வெறும் தீர்மானம் போதாது. தீர்மானம் ஒரு குழுவின் விருப்பத்தைச் சொல்லும், அடுத்த குழுவைக் கட்டாயப்படுத்தாது.

முன்னாள் படைவீரர்களுக்கு மட்டும் தனிச் சலுகையா என்று பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் கேட்டார். இலவச டிக்கெட் கேட்கவில்லை. எங்கள் ஏரிக்கு நுழைவுக் கட்டணமே கிடையாது. எல்லோரும் போகும் வழியில் இவர்களும் போகட்டும் என்பதுதான் கோரிக்கை. வாயிலைச் சற்று அகலமாக்கினால் குழந்தை வண்டி தள்ளிவரும் தாயும் உள்ளே வருவார்.

நம் தமிழ்க் குடும்பங்களில் பலர் குடியுரிமை பெற்று அதிபர் தேர்தலில் தவறாமல் வாக்களிக்கிறோம். கவுண்டி மேற்பார்வையாளர் யார் என்று கேட்டால் திகைக்கிறோம். எங்கள் மாநிலச் சட்டப்படி உள்ளாட்சிக் கூட்டத்துக்கு 24 மணி நேரம் முன்பு, எதைப் பற்றிப் பேசப் போகிறார்கள் என்ற பொருள்பட்டியலை வெளியிட்டால் போதும். கண்ணில் படுவதற்குள் கூட்டம் முடிந்துவிடக்கூடும். அதனால் ஒரு வேண்டுகோள்: உள்ளாட்சிக் கூட்டங்களின் பொருள்பட்டியலை எப்படிப் பார்ப்பது, கருத்தை எழுத்தில் எப்படி அனுப்புவது, நேரில் எப்படிப் பேசுவது என்று தமிழில் ஒரு கட்டுரை வெளியிடுங்கள். எங்கள் பாதுகாப்பு வாரியத்துக்கு நான் எழுதிய கடிதத்தின் நகலை இத்துடன் இணைத்திருக்கிறேன். மாதிரிக்குப் பயன்படுமானால் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அயோவா.