நாகூருக்குத் தனியாகப் போய் வந்தேன்

மன்னார்குடி,
செப்டம்பர் 2020

அன்புத் தம்பிக்கு அம்மா எழுதிக்கொண்டது. நான் சௌக்கியம், உன் சௌக்கியம் அறிய ஆவல்.

அக்கா உனக்கு போன் பண்ணி ஒரு பாட்டம் அழுதிருப்பாள். இந்த வயசில், இந்த கொரோனா நேரத்தில், அம்மா யாரிடமும் சொல்லாமல் நாகப்பட்டினம் போய்விட்டு வந்தாள் என்று. போனில் நான் சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே நீயும் திட்டுவாய். அதனால்தான் எழுதுகிறேன். எதிர்வீட்டுப் பெண் இதைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பித் தருவாள். முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் கூப்பிடு.

ஏப்ரலில் சிங்கப்பூரில் உங்கள் விடுதியைப் பூட்டி, முதலில் பக்கத்துக் கட்டில் பையனுக்கும் பிறகு உனக்கும் காய்ச்சல் என்று சொன்னாயே, அன்றைக்கு ராத்திரியே நாகூர் ஆண்டவருக்கு வேண்டிக்கொண்டேன். நீ குணமாகி வேலைக்கே போய்விட்டாய். நேர்த்திக்கடன்தான் பாக்கி. மாவட்டம் தாண்ட வேண்டியிருந்த இ-பாஸ் கல்யாணம், சாவு, ஆஸ்பத்திரி, இதற்குத்தான் கிடைத்தது. வேண்டுதலுக்கு யார் தருவார்கள்? செப்டம்பர் 1-ல் கோயில், தர்கா எல்லாம் திறந்தார்கள். 7-ல் மாவட்டம் விட்டு மாவட்டம் பஸ் விட்டார்கள். அப்புறம் என்ன, கிளம்ப வேண்டியதுதானே.

அக்காவைக் கூப்பிட்டிருக்கலாம். அவளைக் கூப்பிட்டால் மாப்பிள்ளை வருவார், மாப்பிள்ளை வந்தால் கார் வைப்பார், காரில் கண்ணாடியை இறக்க விடமாட்டார். ஆறு மாசமாக வீட்டுக்குள் கிடந்தவளுக்கு ஜன்னலோர சீட்டும் காற்றும் வேண்டியிருந்தது. திருவாரூரில் பஸ் மாறினேன். பின்வாசலில் ஏறச் சொன்னார்கள், எனக்கு அடுத்த சீட்டு காலி.

இந்த வருஷம் மேட்டூரை ஜூன் 12-லேயே திறந்துவிட்டார்கள் இல்லையா, எட்டு வருஷத்துக்கு அப்புறம் சரியான தேதிக்கு வந்த தண்ணீர். குறுவை அறுத்து, கீழ்வேளூர் வரைக்கும் ரோட்டில் பாதி நெல்தான். ஈரம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கொள்முதல் நிலையத்தில் எடுக்கமாட்டார்கள், வானமோ மூடிக்கொண்டு நிற்கிறது. ஒரு பெரியவர் காலாலேயே நெல்லைக் கிளறிக்கொண்டு நடந்தார். முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கி, ஒரு மணியை எடுத்துக் கடித்துப் பார்த்தார், துப்பினார், மறுபடியும் கிளற ஆரம்பித்தார். பஸ் அவரைச் சுற்றிக்கொண்டு போனது.

தர்காவில் கூட்டமே இல்லை. வாசலில் நெற்றிக்கு நேரே கருவி வைத்துப் பார்த்து, கையில் மருந்து ஊற்றி விட்டார்கள். எதையும் தொட விடவில்லை, எட்ட நின்றே கும்பிட்டேன். வெளியே காணிக்கைத் தகடு விற்கிறவரிடம் நுரையீரல் இருக்கிறதா என்று கேட்டேன். கை, கால், கண், வீடு எல்லாம் வைத்திருந்தார், நுரையீரல் இல்லை. சரி, ஆள் உருவமே கொடுங்கள் என்று வாங்கிக்கொண்டேன். அங்கே 131 அடி உயரத்தில் நிற்கிற பெரிய மனோரா தஞ்சாவூர் ராஜா பிரதாப சிங் கட்டியது. பிள்ளை பிறந்ததற்குக் காணிக்கை என்பார்கள். ராஜாவுக்கு மனோரா, எனக்குத் தகடு.

கடலைப் பார்க்காமல் திரும்ப மனசில்லை. ஆனால் கடற்கரையை இன்னும் திறக்கவில்லையாம், தடுப்பு வைத்திருந்தார்கள். ஆட்டோக்காரர்தான், "அக்கரைப்பேட்டைப் பக்கம் வாங்கம்மா, படகுக்கு நடுவுல தெரியும்" என்று கூட்டிப்போனார். கடுவையாற்றில் வரிசையாக விசைப்படகுகள், அந்தாண்டை கடல். உன் தாத்தா இந்த நாகையில்தான் ரஜூலா கப்பல் ஏறி பினாங்கு போனார். கப்பல் கரைக்கு வராது, நடுக்கடலில் நிற்கும், படகில் கொண்டுபோய் ஏற்றுவார்களாம். அப்பாயி சொல்லும்போதெல்லாம் கதை மாதிரிக் கேட்டிருக்கிறேன். நீ திருச்சியில் ஏறி நாலு மணி நேரத்தில் போய் இறங்கிவிட்டாய். ஆனால் இந்த வருஷம் உனக்கும் எனக்கும் நடுவில் இருந்தது அதே கடல்தான், விமானம் இல்லை.

அங்கே கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். மார்ச் கடைசியில் ஊரடங்கு என்று படகை நிறுத்தியது, ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் சேர்ந்துகொண்டது. 61 நாளை 47 ஆகக் குறைத்ததால் ஜூனில் கடலுக்குப் போனார்களாம், போயும் மீனுக்கு விலை இல்லையாம். 2004 சுனாமியில் அந்த ஊர் என்ன ஆனது என்று உனக்குத் தெரியும். பயமாக இல்லையா என்று கேட்டேன். "அலை வந்தப்ப எந்தப் பக்கம் ஓடணும்னாச்சும் தெரிஞ்சுது" என்றாள். சொல்லிக்கொண்டே வாளையைத் திருப்பிப் போட்டாள், கை நிற்கவில்லை. அவளிடம் நெத்திலிக் கருவாடு வாங்கினேன், பையெல்லாம் நாற்றம். திரும்பி வரும்போது பக்கத்தில் யாரும் உட்காராததற்குக் காரணம் கொரோனாவா கருவாடா தெரியவில்லை.

எனக்குக் காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. வந்ததும் கொல்லையிலேயே குளித்துவிட்டுத்தான் உள்ளே நுழைந்தேன். பயம் இல்லாமல் இல்லை, தம்பி. ஆனால் நீயும் அக்காவும் மாறி மாறி வீடியோவில் என்னைக் காவல் காக்கிறீர்களே, அது போதும் என்று தோன்றிவிட்டது. நீ அந்த அறைக்குள் அடைந்து கிடந்தபோது நான் தினமும் ஒரு தரம்தான் கூப்பிட்டேன்.

உங்கள் ஊரில் தெலுக் ஆயர் தெருவிலும் நாகூர் தர்கா இருக்கிறது, 1830 வாக்கில் நம் பக்கத்து ஆட்கள் கட்டியது. லீவு நாளில் வெளியே விட்டால் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வா. மாசாமாசம் அனுப்புகிற பணத்தில் இந்தத் தடவை ஆயிரம் குறைத்து அனுப்பு, நல்ல செருப்பு வாங்கிக்கொள்.

அடுத்து வேளாங்கண்ணி போகலாம் என்று இருக்கிறேன். அக்காவிடம் இப்போதைக்குச் சொல்லாதே.

அன்புடன்,
அம்மா