பை நிறையக் கிளிஞ்சல் வேண்டாமே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கர்நாடகத்தில் உடுப்பிக்கு அருகே, கடலில் இருக்கும் செயின்ட் மேரீஸ் தீவு பற்றிச் சென்ற இதழில் வந்த பயணக் கட்டுரையைப் படித்தேன். கணவனும் மனைவியுமாகப் போய் ஒரே நாளில் திரும்பிவிடலாம் என்று எழுதியிருந்தது சரிதான். நானும் என் கணவரும் போன குளிர்காலத்தில்தான் போய்வந்தோம். ஆனால் கட்டுரையின் கடைசிப் பத்தியில், ‘ஒரு துணிப்பை கொண்டுபோங்கள், விதவிதமான கிளிஞ்சல்களை அள்ளிக்கொண்டு வரலாம்’ என்று ஒரு யோசனை இருக்கிறதே, அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

முதலில், அந்தக் கரையில் பெரும்பகுதி மணலே இல்லை என்பதைக் கட்டுரை இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கலாம். கோவையிலிருந்து ரயிலில் மங்களூரு, அங்கிருந்து பஸ்ஸில் உடுப்பி, அப்புறம் மால்பே துறைமுகம், படகில் அரை மணி நேரம் என்று அலைந்து போய் இறங்கினால், காலடியில் கிளிஞ்சலும் சிப்பித் துண்டுகளும்தான். நடந்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம். என் கணவர் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நாலடி நடந்தார், உடனே திரும்பக் காலில் மாட்டிக்கொண்டார். “மெரினான்னு நெனச்சியா?” என்று என்னைக் கேட்கிறார், செருப்பைக் கழற்றியதே நான்தான் என்பதுபோல!

இந்தக் கிளிஞ்சல் எங்கிருந்து வருகிறது? தீவைச் சுற்றிலும் பாறை. பாறையை ஒட்டி வாழும் சிப்பிகளும் நத்தைகளும் செத்த பிறகு, ஓடுகளை அலை இடித்து உடைத்துக் கரையில் ஒதுக்குகிறது. அவை மெதுவாக அரைபட்டுக் கரையோடு கரையாகின்றன. ஆக, அங்கே கிளிஞ்சல்தான் கரை. அதிலிருந்து பை பையாக அள்ளினால் கரையைத்தான் அள்ளுகிறோம். தீவும் ஒன்றும் பெரியதில்லை. செயின்ட் மேரீஸ் என்பது சில தீவுகளின் கூட்டம்; அதில் படகு போகும் தென்னந்தீவின் (கோகனட் ஐலண்ட்) நீளம் சுமார் அரை கிலோமீட்டர், அகலம் நூறு மீட்டர் சொச்சம்.

‘நான் ஒருத்தி நாலு சோழி எடுத்தால் கடல் வற்றிவிடுமா’ என்று கேட்பவர்கள் உண்டு. ஸ்பெயினில் சலோவ் நகரை ஒட்டிய ஒரு கடற்கரையில் ஆராய்ச்சியாளர்கள் 1978 முதல் 1981 வரை கிளிஞ்சல்களை எண்ணி வைத்திருந்தார்கள். 2008 முதல் 2010 வரை அதே இடத்தில் திரும்ப எண்ணினார்கள். இடைப்பட்ட காலத்தில் சுற்றுலாப் பயணிகள் கிட்டத்தட்ட மூன்று மடங்கு ஆகியிருந்தார்கள். கிளிஞ்சல் 60 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தது. இந்த ஆய்வு 2014-ல் வெளிவந்தது. பொறுக்குவது ஒன்றே காரணம் என்று அவர்களும் சொல்லவில்லை; கரையைச் சுத்தம் செய்ய ஓட்டும் இயந்திரங்களையும் சேர்த்தே சொல்கிறார்கள். ஆனாலும் கூட்டம் ஏற ஏற ஓடு குறைந்தது என்பது கணக்கில் தெரிகிறது. மால்பே படகுத்துறையில் விடுமுறை நாள் வரிசையைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்று, ஓடு காலியாகத்தான் இருக்கும் என்று யார் சொன்னது? திரும்பி வரும் படகில் எங்களுக்கு எதிரே ஒரு இளம் ஜோடி. புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள் போல இருந்தது. அந்தப் பெண்ணின் மடியில் பாலிதீன் கவர் நிறையக் கிளிஞ்சல். பாதி வழியில் கவர் தானாகச் சலசலத்தது. எட்டிப் பார்த்தால் ஒரு சங்கிலிருந்து கால்கள் நீண்டு அசைகின்றன. துறவி நண்டு. அதற்குச் சொந்த ஓடு கிடையாது. செத்த நத்தையின் ஓட்டில் புகுந்துகொண்டு வாழும், உடம்பு வளர்ந்தால் அதைவிடப் பெரிய ஓட்டைத் தேடிப் போகும். நல்ல முழு ஓடுகளாகப் பார்த்து நாம் பொறுக்கிக்கொண்டால் அது எங்கே போகும்? அந்தப் பெண் பயந்துபோய் கவரை அப்படியே கீழே வைத்துவிட்டார். கணவர் சிரித்தார். அப்புறம் அவரும் சிரிக்கவில்லை.

நாம் கிளிஞ்சலைத் தொடாத புனிதர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. கிளிஞ்சலைச் சுட்டு வெற்றிலைக்கும் வீட்டுச் சுவருக்கும் சுண்ணாம்பு ஆக்கியவர்கள்தான் நாம். பல்லாங்குழிக்குச் சோழி இல்லாத வீடு எங்கள் தெருவில் கிடையாது. அது ஒரு பிழைப்பு, ஒரு பயன்பாடு. ஷோகேஸில் தூசி படிய வைப்பதற்கு ஒரு தீவையே காலி செய்வது வேறு. கடையில் வாங்கினால் குற்றமில்லையா என்றால், அங்கேயும் கவனம் வேண்டும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் 2001-லேயே சில சங்கு, சிப்பி வகைகள் சேர்க்கப்பட்டுவிட்டன. பளபளவென்று முழுசாக இருக்கும் பெரிய சங்குகள் பல, உயிரோடு பிடிக்கப்பட்டவை.

கட்டுரையில் எனக்கு இன்னொரு குறையும் உண்டு. பாறைகளைப் பற்றி ‘போட்டோ எடுக்க அழகான பின்னணி’ என்று ஒரே வரி! அந்தத் தீவின் பெருமையே அந்தப் பாறைகள்தான். இந்தியாவிலிருந்து மடகாஸ்கர் பிரிந்த காலத்தில், சுமார் 8 கோடியே 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன், வெளிவந்த எரிமலைக் குழம்பு அது. ஆறும்போது சுருங்கி, வெடித்து, ஐந்து பக்கம், ஆறு பக்கம் கொண்ட தூண்களாக நிற்கிறது. இப்படிப்பட்ட தூண்களுக்குப் பேர்போன வட அயர்லாந்தின் ஜயன்ட்ஸ் காஸ்வே கடற்கரையில் உள்ளவை பசால்ட் என்ற எரிமலைப் பாறைத் தூண்கள். இங்கே இருப்பது ரையோலைட் என்ற வேறு வகை எரிமலைப் பாறை, அதில் இப்படித் தூண்கள் அமைவது அபூர்வம். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை இதைத் தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவித்தது. நம் விழுப்புரம் மாவட்டத் திருவக்கரையில் கல்லாக மாறிக் கிடக்கும் பழங்கால மரங்களுக்கும், அதாவது கல்மரங்களுக்கும், இதே தகுதிதான். திருவக்கரைக்குப் போகிறவர்களிடம் ‘ஒரு துண்டு கல்மரம் எடுத்து வாருங்கள்’ என்று எழுதுவீர்களா?

1498-ல் வாஸ்கோடகாமா இங்கே இறங்கிச் சிலுவை நட்டு மரியாளின் பெயரை வைத்தார் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். அவரைப் பற்றி மூன்று பத்தி எழுத முடிந்தவர்கள் தூண்களுக்கு ஒரு பத்தியாவது ஒதுக்கியிருக்கலாம்.

மற்றபடி வழி, செலவு, நேரம் எல்லாம் பயனுள்ள தகவல்கள். என் பங்குக்குச் சில: மழைக்காலத்தில், ஜூன் முதல் செப்டம்பர் வரை, கடல் கொந்தளிப்பால் படகு கிடையாது. தீவில் இரவு தங்க முடியாது, மாலைப் படகில் திரும்பிவிட வேண்டும். குடிநீர்க் கிணறு இல்லை. நிழலுக்குப் பெரும்பாலும் தென்னைதான், அதனால் காலை முதல் படகே நல்லது. தூண்களின் ஓரத்தில் பாசி வழுக்கும். காவலர் விசில் ஊதினால் கோபித்துக்கொள்ளாமல் இறங்கிவிடுங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் பட்டை வைத்த செருப்பாகப் போட்டுக்கொள்வது நல்லது. என் கணவர் இதைக் கட்டாயம் எழுதச் சொன்னார்.

மழைக்காலம் முடிந்து படகு ஓடத் தொடங்குவதற்கு முன், அந்தத் துணிப்பை யோசனைக்கு ஒரு திருத்தம் வெளியிட்டால் நன்றாக இருக்கும். உங்கள் இதழைக் கையில் வைத்துக்கொண்டு கிளம்புகிறவர்கள் நிறையப் பேர்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோவை.