வேலூர் வெயில் வேறு, கடற்கரை வெயில் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டைப் பக்கத்துப் பிள்ளைகள் இப்போது சென்னையில் நடக்கும் டிரையத்லானுக்குப் பேர் கொடுக்க ஆரம்பித்திருக்கிறார்கள். நீந்திக் கரையேறி, சைக்கிள் மிதித்து, இறங்கிய கையோடு ஓட வேண்டிய போட்டி. முதல்முறை போகிறவர்கள் பெரும்பாலும் ஸ்பிரின்ட் பிரிவில் சேருவார்கள், அதாவது 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். ரொம்ப சந்தோஷம். ஆனால் அவர்களில் பலர், அக்னி நட்சத்திரத்திலேயே வேலூரில் ஓடுகிறோம், சென்னை வெயில் எங்களை என்ன பண்ணிவிடும் என்று கேட்கும்போதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

நிறையவே பண்ணும். நம் ஊரில் 40 டிகிரி தாண்டினாலும் காற்று வறண்டு கிடப்பதால் வியர்வை உடனே காய்ந்துவிடும், அது காயும்போதுதான் உடம்பு குளிர்கிறது. கடலோரத்தில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை காயாமல் சொட்டுச் சொட்டாக ஒழுகும், தண்ணீரும் உப்பும் வெளியே போகும், சூடு மட்டும் உள்ளேயே நிற்கும். விடியற்காலையில்தானே போட்டி என்று நினைக்கலாம், ஆனால் ஈரப்பதம் அதிகமாக இருப்பதே அந்த நேரத்தில்தான். அப்புறம் ஓட்டம் கடைசியாக வருகிறது, அதற்குள் வெயிலும் ஏறிவிடும்.

புழுக்கத்துக்கு உடம்பு பழக ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். சென்னையில் சித்தி வீடோ மாமா வீடோ இருந்தால் பத்து நாள் முன்னாடியே போய்த் தங்கி, தினமும் ஒரு மணி நேரம் மெதுவாக ஓடிப் பழகுங்கள். முடியாதவர்கள் வேலூரில் ஓடுகிற வேகத்தை அங்கே எதிர்பார்க்காதீர்கள். வெறும் தண்ணீரையே குடம் குடமாகக் குடிப்பதும் ஆபத்து, ரத்தத்தில் உப்பு குறைந்து மயக்கம், வலிப்பு வரை போகும். தாகத்துக்குத் தக்கபடி உப்புப் போட்ட மோரோ ஓ.ஆர்.எஸ். கரைசலோ குடித்தால் போதும்.

அடுத்து கடல். நம் பக்கத்துப் பிள்ளைகள் விவசாயக் கிணற்றில் குதித்து நீச்சல் கற்றவர்கள், மூச்சும் தைரியமும் நிறைய உண்டு. ஆனால் கிணற்றில் அலை கிடையாது, பத்து கை போட்டால் சுவர் வந்துவிடும். கடலில் பிடித்து நிற்க எதுவும் இல்லை, நேராகப் போகிறோமா என்பதே தெரியாது, சில வீச்சுக்கு ஒருமுறை தலையைத் தூக்கி மிதவையைப் பார்த்துப் பார்த்துத்தான் நீந்த வேண்டும். கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டத்தில் மாட்டினால் அதை எதிர்த்துக் கரையை நோக்கி நீந்தவே கூடாது. பதறாமல் மிதந்து, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அந்த இழுப்பிலிருந்து விலகின பிறகுதான் திரும்ப வேண்டும். பயிற்சி செய்து பார்க்கிறேன் என்று மெரினாவில் தனியாக இறங்குவதை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள், எத்தனை வீட்டுப் பிள்ளைகளை அந்த அலை கொண்டு போயிருக்கிறது! உயிர்காப்பாளர் இருக்கும் இடத்தில், கடல் தெரிந்த பயிற்சியாளரோடு மட்டும் இறங்குங்கள். சில போட்டிகளில் நீச்சல் குளத்திலேயே முடிந்துவிடும், முதல்முறைக்கு அதுவே நல்லது என்பது என் கருத்து.

சைக்கிளுக்கு லட்ச ரூபாய் செலவு பண்ண வேண்டியதில்லை. பிரேக் சரியாக இருக்கும் சாதாரண கியர் சைக்கிளும் ஹெல்மெட்டும் போதும். பெங்களூரு நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே பழகாமல் அமிர்தி போகிற சாலை மாதிரி இடங்களில் காலையில் மிதியுங்கள், வாரம் ஒருமுறையாவது சைக்கிளை விட்டு இறங்கியதும் நிற்காமல் கொஞ்ச தூரம் ஓடிப் பாருங்கள். கால் இரண்டும் கல்லாகக் கனக்கும், அந்தக் கனம் போட்டியன்று புதிதாக இருக்கக் கூடாது.

பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஓடுகிற பிள்ளை தள்ளாடினாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ, வியர்வை கொட்டிக்கொண்டிருந்தாலும் அது வெப்பத் தாக்காக இருக்கலாம். 108-க்குப் போன் போட்டுவிட்டு, வண்டி வருகிற வரை சும்மா காத்திருக்காமல் அந்த இடத்திலேயே ஐஸ் தண்ணீரில் உட்கார வையுங்கள், அது இல்லாவிட்டால் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். முதல் சில நிமிடங்களில் சூட்டை இறக்குவதுதான் உயிரைக் காப்பாற்றும். அதனால் நுழைவுக் கட்டணம் கட்டும் முன்பே, ஐஸ் தொட்டி இருக்கிறதா, தண்ணீரில் எத்தனை உயிர்காப்பாளர்கள், எத்தனை படகுகள் என்று நடத்துகிறவர்களிடம் கேளுங்கள். சரியான பதில் வராவிட்டால் பணம் கட்டாதீர்கள்.

நம் மாவட்டத்தில் நீச்சல் குளம் வைத்திருக்கும் கல்லூரிகளும் விளையாட்டுத் துறையும் காலை 5 மணிக்கே குளத்தைத் திறந்து, பயிற்சியாளர் மேற்பார்வையில் வெளிப் பிள்ளைகளையும் நீந்த விட வேண்டும். ஒரு மணி நேரம் விட்டாலே போதும், பள்ளிக்கோ வேலைக்கோ போகும் முன் அவர்கள் நீந்திவிடுவார்கள். உங்கள் பத்திரிகை இதைச் சம்பந்தப்பட்டவர்களின் கவனத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சத்துவாச்சாரி வாசகர், வேலூர்