பென்சில் பெரியவருக்கு நன்றி

போன சனிக்கிழமை ஷெஃபீல்டில் பழைய கேசட் ஒன்று வாங்கினேன். டெஃப் லெப்பர்ட் ராக் இசைக்குழுவின் 'ஹிஸ்டீரியா' ஆல்பம், 1987. ஹாஸ்டல் நாட்களில் தேயத் தேயக் கேட்டது. அங்கேயே போட்டுப் பார்த்தால் நாடா சிக்கிக்கொண்டது!

பக்கத்தில் நின்ற நரைத்த தலைக்காரர் கேசட்டை வாங்கி, கசங்கிய நாடாவை விரலால் நீவி, பென்சிலைச் சொருகிப் பொறுமையாகச் சுற்றினார். சுற்றிக்கொண்டே பேச்சு: 1984 கடைசி நாள் விபத்தில் அந்தக் குழுவின் டிரம்மர் ரிக் ஆலனுக்கு இடது கை போனது, அந்தக் கையின் அடிகளை இடது காலுக்கு மாற்றிப் பழகி 1986இல் இங்கிலாந்தின் டோனிங்டன் ராக் விழாவில் மேடை ஏறியது. சொல்லும்போது அவர் காலும் தாளம் போட்டது.

பேர் கேட்க மறந்துட்டேன், ஒரு டீகூட வாங்கிக் கொடுக்கல. இரண்டாவது பாட்டு நடுவில் இன்னும் லேசா இழுக்குது. பாட்டில் அந்த இடம் வரும்போதெல்லாம் உங்க ஞாபகம்தான். ரொம்ப நன்றி ஐயா.