அரை ஆயுளின் கணக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் களைக்கொல்லிக் கட்டுரையில், "அட்ரசினின் அரை ஆயுள் 60 நாள், எனவே 120 நாளில் மண் முற்றிலும் தூய்மையாகிவிடும்" என்றொரு வரி இருக்கிறது. முதல் 60 நாளில் பாதியும், அடுத்த 60 நாளில் எஞ்சியதில் பாதியும் போனால் கால் பங்கு மண்ணிலேயே கிடக்கும் என்பதைத் தங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அச்சுக்குப் போகும் அவசரத்தில் கண்ணில் படாமல் போயிருக்கும்.

அந்தக் கால் பங்கை நான் என் வயலில் பார்த்தவன். அட்ரசின் தெளித்த மக்காச்சோளம் அந்த மருந்தைத் தனக்குள்ளேயே செயலிழக்கச் செய்துவிடும் என்பதால் அது செழிப்பாகவே விளைந்தது. அடுத்து விதைத்த பச்சைப்பயறும் பழுதின்றி முளைத்தது. இலை விரிந்து ஒளிச்சேர்க்கை தொடங்கிய பிறகுதான் கீழ் இலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளாகிக் கருகத் தொடங்கி, இரண்டு வாரத்தில் பாதி வயல் வெறுமையாயிற்று. விதைதான் சொத்தை என்று விதை கொடுத்தவரோடு சண்டைக்குப் போனேன். இன்றும் அவர் முகத்தில் விழிக்கக் கூசுகிறது. தெளிப்பான் திரும்பிய வரப்போரங்களில், மருந்து இருமுறை விழுந்த இடத்தில் ஒரு செடிகூட மிஞ்சாததைக் கண்ட பிறகே எனக்கு உறைத்தது. அந்த ஆண்டு மழை பொய்த்திருந்தது. மண்ணில் ஈரமில்லாதபோது நுண்ணுயிர்கள் முடங்கிவிடும், மருந்தும் எளிதில் சிதையாது. கட்டுரையின் 60 நாள் கணக்கு வறண்ட மண்ணுக்குத் தெரியாது.

தங்கள் இதழுக்கு இது முதல் தடவையும் அல்ல. சல்ஃபோனைல்யூரியா வகை மருந்துகள் எக்டருக்குச் சில கிராமே தேவைப்படுவதால் எச்சம் என்ற பேச்சுக்கே இடமில்லை என்று முன்பு எழுதியிருந்தீர்கள். சில கிராமில் களையை ஒழிக்கும் மருந்து, அதிலும் சிறு பங்கில் அடுத்த பயிரைக் கெடுக்காதா? அவ்வகையைச் சேர்ந்த குளோர்சல்ஃபியூரான் கார மண்ணில் அடுத்த ஆண்டுப் பயிர் வரைக்கும் தங்கக்கூடியது. வேறு வகைக் களைக்கொல்லியான இமாசெத்தாபிர் நேர்மாறாக அமில மண்ணில்தான் நீடிக்கும். எல்லா மண்ணுக்கும் ஒரே அறிவுரை பொருந்தாது என்று அப்போதே எழுதி அனுப்பினேன். கடிதம் வெளிவரவில்லை, அடுத்த இதழில் களைக்கொல்லி விளம்பரத்துக்கு மட்டும் முழுப் பக்கம் கிடைத்திருந்தது.

நான் கேட்பது பெரிதல்ல. களைக்கொல்லியின் பெயர் வரும் இடத்தில், எந்தப் பயிருக்கு எத்தனை மாதம் பொறுக்க வேண்டும் என்பதையும் ஒரு வரி சேருங்கள். மருந்தோடு வரும் துண்டுத்தாளிலேயே பெரும்பாலும் அது இருக்கும். இடம் மிஞ்சினால், வயல் மண்ணை ஒரு தொட்டியிலும் மருந்து படாத மண்ணை மற்றொன்றிலும் நிரப்பி, விதைக்கப்போகும் விதையையே இரண்டிலும் ஊன்றி மூன்று வாரம் ஒப்பிட்டுப் பார்க்கும் எளிய சோதனையையும் வெளியிடுங்கள். வரப்போர மண்ணுக்குத் தனித் தொட்டி வைக்கச் சொல்லவும் மறக்க வேண்டாம்.

இங்ஙனம்,
நெடுநாள் வாசகன்